எட்டாம் எண்

கூண்டு என்றதும் உள்ளே ஏதோ
அடைபட்டிருப்பதாக நினைக்கிறார்கள்.
ஒன்றுமில்லை. கம்பி, தார்ப்பூச்சு, காற்று.
செய்தி வரும், எண் வரும்,
கயிற்றை இழுப்பேன்.
இருபத்திரண்டு வருஷமாக
எனக்கும் புயலுக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

அன்று காலை மூன்று.
பகல் சாப்பாட்டுக்குள் ஏழு.
பொழுது சாய்வதற்குள் பத்து.
பத்து என்றால் நம் தலைமேல்.
"இன்னா நைனா, முடிவு பண்ட்டாரா உங்காளு?" என்றான்
கிரேன் ஓட்டும் மஸ்தான்,
பீடியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு.

எங்காளு.
சாம்பலில் உட்கார்ந்து புண்ணைச் சுரண்டியவன்
ஏன் என்று கேட்டதற்குச்
சுழல்காற்றுக்குள்ளிருந்து பதில் சொன்னவர்.
பதிலா அது? எல்லாம் கேள்வி.
கடல் பிறந்தபோது அதற்குத் துணி சுற்றியது யார்,
ஆலங்கட்டி சேர்த்துவைத்த கிடங்குக்கு
நீ போயிருக்கிறாயா.

சின்ன வயதில் சபையில் அதை வாசிக்கக் கேட்டு
போயிருக்கிறேனே என்று நினைத்தேன்.
காசிமேட்டு ஐஸ் கிடங்கு.
மரத்தூள் ஒட்டிய பாளத்தை
அப்பா கொக்கியால் இழுத்து வருவார்.
கடலுக்குக் கதவு போட்டவரைக்கூடப் பிறகு பார்த்தேன்:
எர்ணாவூரில் லாரி லாரியாகக்
கல் கொட்டிய கான்ட்ராக்டர்.
கதவு பாதியில் நிற்கிறது.
கடல் பக்கத்து வீட்டு வழியாக வருகிறது.

அந்தச் சாயங்காலம் சிரிப்பு வரவில்லை.
தண்டையார்பேட்டையில் முட்டியளவு.
கொருக்குப்பேட்டை கேட்டைக் காணோம்.
எண்ணூரில் எந்தக் கம்பெனியிலிருந்தோ கசிந்த எண்ணெய்
வீடுகளுக்குள் புகுந்து
சுவரில் கறுப்பாகக் கோடு இழுத்தது.
கம்பெனிக்காரர்கள் அதையும்
அவர் கணக்கில் எழுதினார்கள்.

பெஞ்சை அடுக்கி மேலே ஏறி நின்று
சபையில் ஜெபம்.
பாஸ்டர் ஞானாபரணம் போனில் கத்தினார்:
சொன்ன ஊருக்குப் போகாமல் ஓடினவனைத்
தூக்கிப் போட்டதும் கடல் அடங்கியதல்லவா,
விசுவாசி, தைரியமாயிரு.
இப்போது யாரைப் போடுவது என்று
நான் கேட்கவில்லை.

இரவு ஒன்றேகாலுக்குச் செய்தி.
பத்தை இறக்கு. எட்டு.
எட்டுக்கு விளக்கம் பலகையில் இருக்கிறது:
புயல் இந்தத் துறைமுகத்தை
இடப்பக்கம் விட்டுக் கடந்து போகும்.

கடந்து போகும்.
இரவில் கூண்டு கிடையாது, விளக்குதான்.
நனைந்த கயிறு கையை அறுக்க அறுக்கச்
சிவப்பை மேலே அனுப்பினேன்.
நிலைக்கால்களில் ஆட்டு ரத்தம் பூசி
உள்ளே விழித்திருந்த அந்த வீடுகள்
அப்போதா ஞாபகத்துக்கு வரவேண்டும்.
தெருவில் ஏதோ நடந்து போகிறது.
நம் வாசலில் நிற்கவில்லை.
பிறகு அடுத்த தெருவில் அழுகை.

சபை வாட்ஸ்அப்பில் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்,
கூப்பிய மஞ்சள் கைகள் நாற்பது.
நானும் ஒன்று போட்டேன்.
ரெஜிஸ்டரில் நேரம், எண், கையெழுத்து.
யார் உத்தரவு என்ற கட்டத்தில்
வழக்கம்போல்
மேலிடம்.

ஒருவன் ஆட்டுத்தோலைக் களத்தில் விரித்து
விடியும்போது இது மட்டும் நனைந்திருக்கட்டும்,
சுற்றிலும் காயட்டும் என்றான். நடந்தது.
மறுநாள் மாற்றிக் கேட்டான்,
தோல் காயட்டும், தரை நனையட்டும்.
அதுவும் நடந்தது.
அந்தத் தரையில் யார் படுத்திருந்தார்கள் என்று
எங்கும் எழுதவில்லை.

தங்கை சுகிர்தாவைக் கொடுத்தது கிருஷ்ணப்பட்டினத்தில்.
மூன்றாம் நாள்தான் லைன் கிடைத்தது.
கூரை போச்சு. வலை போச்சு.
இறால் குட்டை எது, கடல் எது, தெரியவில்லை.
பிள்ளைகள் இருக்கிறார்கள்.
மாமியாரைத் தேடுகிறார்கள்.

கொஞ்ச நேரம் போனில் இரைச்சல் மட்டும்.

"அண்ணா, அன்னிக்கு நைட்டு ஜெபம் பண்ணியா?"
"பண்ணேம்மா."
"ம்" என்றாள்.
"நல்லாதான் பண்ணிருக்க."